கொட்டாரத்துத் தம்புரான்

முருகன் என்ற பேரில் எங்கள் கம்பெனியில் மட்டும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ரோல் காலில் சுபேதார் ஒரு முருகனைக் கூப்பிட்டால் நாலு மூலையிலிருந்தும் "ஹாஜிர் சாப்" என்று குரல் வரும். இதற்குப் பட்டாளம் வைத்திருக்கும் வைத்தியம், படை எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பேரோடு சேர்த்துச் சொல்வது. முருகன் பத்தொம்பது, முருகன் நாப்பத்தாறு, முருகன் அறுபத்தெட்டு. ஆறு மாதம் போனால் முருகன் உதிர்ந்துவிடும், எண் மட்டும் நிற்கும். அறுபத்தெட்டுக்கு ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடைத்து மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு டோக்ராக்காரப் பெண் அந்த அம்மாவை வாய் நிறைய "அட்சட் பாபி" என்று கூப்பிட்டாள். இந்தியில் அது ஏதோ பெரிய மரியாதைச் சொல் என்று எண்ணிக்கொண்டு, ஊருக்கு எழுதிய இன்லண்ட் லெட்டரில் அந்த அம்மா பெருமையாகக் குறிப்பிட்டிருந்தாராம். 'அட்சட்' என்றால் அறுபத்தெட்டு என்று புருஷன் சொல்லிக்கொடுக்க வெகுநாள் ஆயிற்று. அவருக்கும் அதைச் சொல்ல மனசில்லை.

நான் பட்டாலியனில் கிளார்க். நாமினல் ரோல் என் மேசையில்தான் கிடக்கும். அதனால் ஒவ்வொருவனுக்கும் காகிதத்தில் உள்ள பேரும் தெரியும், பாரக்கில் உள்ள பேரும் தெரியும். இரண்டும் ஒட்டவே ஒட்டாது. படிவத்தில் முதல் பேர், குடும்பப் பேர் என்று கட்டம் போட்டிருப்பார்கள். நமக்கு ஏது குடும்பப் பேர்? இன்ஷியலை விரித்து அப்பா பேரை எழுதுவோம். அப்புறம் சர்வீஸ் முழுக்க ஆபீசர்கள் அப்பா பேரைச் சொல்லித்தான் மகனைக் கூப்பிடுவார்கள். என் அப்பா பட்டாளத்துப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் அவர் பேர் காஷ்மீர் முதல் நாகாலாந்து வரை வசை வாங்கியிருக்கிறது.

தனி ஆளுக்கு மட்டுமல்ல, ஒரு ரெஜிமெண்டுக்கே வட்டப்பேர் உண்டு. மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரன் என்றால் இந்தியப் படை முழுக்கத் 'தம்பி'தான். மராட்டாக்காரர்கள் 'கண்பத்'. இருபத்திரண்டு வயது சர்தார்ஜி டிரைவர், நரைத்த மீசை வைத்த எங்கள் சுபேதாரைப் பார்த்து "ஏ தம்பி!" என்று லாரியிலிருந்து கத்துவான். முதலில் எரிச்சலாக இருக்கும். பிறகு பழகிவிடும். பிறகு, வேறு யாராவது அப்படிக் கூப்பிடாவிட்டால் என்னவோ போலிருக்கும். இந்த வழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலேயே உண்டு. மெட்ராஸ் ராஜதானியில் வேலை பார்த்த துரைமார்களுக்கு 'மல்' என்று பேர். மிளகுத்தண்ணி அவர்கள் வாயில் 'மல்லிகட்டானி' ஆகி, அதைக் குடிக்கிறவனுக்கே அதன் தலைத்துண்டு பேராகிவிட்டது. பம்பாய்க்காரர்களை அந்த ஊர்க் கருவாட்டை வைத்து 'டக்' என்றார்கள். வங்காளத்துத் துரை எதற்கெடுத்தாலும் வேலைக்காரனை "கோயி ஹை?" என்று கூவுவானாம், அவன் பேர் 'குவை ஹை'. நம்மூர் ரசத்தால் பேர் வாங்கியவனுக்கு மற்ற இரண்டு பேரைவிட மதிப்பு கொஞ்சம் கூடுதல் என்பது என் கட்சி.

என் பேருக்கு வருகிறேன்.

1978-இல் சேர்ந்தேன். அப்போது நாகர்கோவிலுக்கு ரயில் கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் பாதை திறந்தது அடுத்த வருஷம்தான். பஸ் மாறி, ரயில் மாறி, மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலையேறினால் வெலிங்டன், ஸ்ரீநாகேஷ் பாரக்ஸ். கொட்டாரத்தில் மார்கழியிலும் சட்டையில்லாமல் திரிந்த உடம்பு அந்தக் குளிரில் விறைத்துப்போயிற்று. தகரப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்துக் கட்டில் பையன் நெய்யாற்றின்கரைப் பக்கம். சிவப்பாக, ஒல்லியாக, பேச்சு நிற்காத ஆள்.

"எவிடெயா ஸ்தலம்?" என்றான்.

"கொட்டாரம்."

"ஏது கொட்டாரம்?"

"கன்னியாகுமரிக்குப் பக்கத்துல. கொட்டாரம்தான் ஊரு."

மலையாளத்தில் கொட்டாரம் என்றால் அரண்மனை. எங்கள் ஊருக்கும் ராஜா காலத்துக் கொட்டாரத்தால் வந்த பேர்தான் என்பார்கள். அவன் கட்டிலிலிருந்து எழுந்தான். முதுகை வளைத்தான். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "தம்புரானே, அடியன்!" என்றான். பாரக் முழுக்கச் சிரிப்பு. மறுநாள் பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் காதுக்குப் போய்விட்டது. அவர் ஆலப்புழைக்காரர். கக்கூஸ் கழுவும் முறை வந்தபோது முதல் குரலே, "எவிடெ நம்முடெ தம்புரான்?" சர்வீஸ் முடியும்வரை எனக்கு அதுதான் பேர். தமிழன், தெலுங்கன், கன்னடக்காரன் எல்லோருக்கும் நான் தம்புரான். பின்னால் வந்த பிள்ளைகள் அதை என் நிஜப் பேர் என்றே நினைத்தார்கள்.

இதில் என்ன இருக்கிறது, வழக்கமான கேலிதானே என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். எங்கள் பாட்டா பனையேறி. 1900-ஐ ஒட்டிப் பிறந்தவர். பழைய திருவிதாங்கூரில் எங்களைப் போன்ற குடும்பங்கள் யாரைத் தம்புரான் என்று சொல்ல வேண்டும், எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், தன்னைப் பற்றிச் சொல்லும்போது 'அடியன்' என்று எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கெல்லாம் எழுதாத சட்டம் உண்டு. கொட்டாரத்துக்குப் பக்கத்துச் சாமித்தோப்பில் 1809-இல் பிறந்த வைகுண்டசாமிக்குப் பெற்றோர் வைத்த பேர் முடிசூடும் பெருமாள். இந்தச் சாதியில் பிறந்த பிள்ளைக்கு முடி சூடுகிற பேரா என்று மேல்சாதிக்காரர்கள் ஆட்சேபிக்க, முத்துக்குட்டி என்று மாற்றினார்கள். இது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஒருவன் பேரைப் பக்கத்துத் தெரு தீர்மானித்த மண் அது. அந்த முத்துக்குட்டிதான் பின்னாளில் ஆண்களெல்லாம் தலைப்பாகை கட்டிக்கொண்டு பதிக்குள் வாருங்கள் என்றார். இன்றும் சாமித்தோப்புப் பதியில் தலையில் துணி கட்டித்தான் நுழைகிறோம்.

திருவிதாங்கூர் ராஜாவின் படைக்கு நாயர் பட்டாளம் என்றே பேர். எங்கள் ஆட்களுக்கு அதில் இடமில்லை. அந்தப் பட்டாளம்தான் சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியப் படையில் கலந்து மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9-ஆவது, 16-ஆவது பட்டாலியன்களானது. இப்போது தென்னாட்டார் எல்லோரும் அதில் இருக்கிறார்கள்.

முதல் லீவில் வந்தபோது பாட்டாவுக்குக் கண் மங்கியிருந்தது, காது நன்றாகக் கேட்டது. விளையில் அக்கானி (பதநீர்) காய்ச்சும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பட்டாளத்துக் கதைகளை அளந்துகொண்டிருந்தேன். பேர் கதையையும் சொன்னேன்.

"ஆரு விளிச்சா?" என்றார்.

"கூட உள்ள பையன் பாட்டா."

"எந்த ஆளுடே?"

"நாயரு."

"வாயைப் பொத்திக்கிட்டா சொன்னான்?"

"ஆமா. குனிஞ்சு வேற நின்னான்."

"நீ என்ன மறுபடி சொன்ன?"

"வெளக்கமாத்த எடுலே, பெருக்கணும்னேன்."

பாட்டா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அடுப்பில் பொங்கிய அக்கானியை யாரும் கவனிக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் நாலு வீட்டில் இதைச் சொல்லிவிட்டார். ஆனால் ராத்திரிச் சோறு போடும்போது எங்கள் பாட்டி வேடிக்கையாக, "தம்புரானுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டா?" என்று கேட்டாள். பாட்டாவின் முகம் மாறியது. "எனக்க வீட்டுக்குள்ள அந்தச் சொல்லு வேண்டாம். நான் சொன்னது போதும்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. பாரக்கில் அது சிரிப்பு, வீட்டில் அது தழும்பு. இரண்டும் நியாயம் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த நெய்யாற்றின்கரைப் பையன் எதுவும் தெரிந்து செய்யவில்லை. அவனுக்கு நாங்கள் வைத்த பேர் 'ஆகாசவாணி'. காலை ஐந்தரைக்கு வாயைத் திறந்தால் ராத்திரி விளக்கணைக்கும்வரை ஒலிபரப்பு. அவன் வீட்டுப் பேர் தனிப்பேரோடு நீளமாக ஒரு வரி வரும். அதை நான் ரோலில் எழுதியதோடு சரி.

நாஞ்சில் நாட்டில் புது ஆளைப் பார்த்தால் ஊர் எங்கே, எந்தத் தெரு, யார் மகன் என்று மூன்று கேள்வி கேட்பார்கள். மூன்றாவது பதிலில் சாதி தெரிந்துவிடும். வெலிங்டனில் முதல் வாரம் நாங்களும் அப்படித்தான் ஒருவரையொருவர் துழாவினோம். வட்டப்பேர்கள் விழுந்த பிறகு அந்தக் கேள்விக்கு வேலையில்லாமல் போயிற்று. 'அறுபத்தெட்டு' என்ன சாதி? 'ஆகாசவாணி'க்கு எந்தத் தெரு? சாதியே ஒழிந்துவிட்டது என்று சொல்லவில்லை. கல்யாணப் பேச்சு வந்தால் லீவு ஃபாரத்தோடு அதுவும் எட்டிப் பார்க்கும். ஆனால் கூப்பிடுகிற பேரில் அது இல்லை.

நல்ல வட்டப்பேர் யாரும் உட்கார்ந்து யோசித்து வைப்பதல்ல. 'விசில்' கதையைச் சொன்னால் புரியும்.

அவர் பொற்றையடிக்காரர். லங்கரில் சமையல். ஒரு பனிக்காலம் எங்கள் கம்பெனியில் ஒரு செக்‌ஷன் 13,000 அடியில் ஒரு போஸ்டில் இருந்தது. பனி விழுந்து பாதை மூடுவதற்கு முன்பே அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் கோவேறு கழுதையில் ஏற்றியாக வேண்டும். அதற்குப் பிறகு வசந்தம்வரை உள்ளதைக் கொண்டு ஒப்பேற்ற வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் 87 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று திறந்த பானையில் அரிசியைப் போட்டால் மேலே கஞ்சி, உள்ளே கல். பிரஷர் குக்கர் இல்லாமல் தம்பிகளுக்குச் சோறில்லை. தம்பிகளுக்குச் சோறில்லாவிட்டால் போஸ்ட் இல்லை.

முதல் நாள் குக்கர் விசிலடித்தது. பனிமலையில் ராத்திரி ஒரு தீப்பெட்டி உரசினால்கூடக் கேட்கும். எதிர்ப்புறத்துப் போஸ்ட் கூப்பிடு தூரம். செக்‌ஷன் கமாண்டர் பங்கருக்குள்ளிருந்து பாய்ந்து வந்து, "இன்னொரு தடவை சத்தம் கேட்டா குக்கரைப் பள்ளத்தாக்குல உருட்டிருவேன்" என்றார். மனிதர் யோசித்தார். அடுத்த வேளையிலிருந்து ஸ்டவ் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குண்டு எழும்பப் போகிற நேரம் பார்த்துத் தீயைக் குறைப்பார். ஆவி 'ஸ்ஸ்' என்று கசிகிற அளவிலேயே பிடித்து நிறுத்திக்கொண்டு, விரலை மடக்கி மடக்கி எண்ணுவார். கையுறை போட்ட விரலை மடக்குவதே அந்தக் குளிரில் பாடு. சோறு வெந்துவிட்டது என்று எல்லோருக்கும் எப்படித் தெரிவிப்பது? ஒவ்வொரு பங்கர் வாசலிலும் போய்க் குனிந்து, நாக்கைப் பல்லில் வைத்து, குக்கர் மாதிரியே மெல்ல "உஸ்ஸ்ஸ்" என்பார். மூன்று முறை. குக்கர் எத்தனை விசில் அடித்திருக்குமோ அத்தனை.

கீழே இறங்கியபோது அவர் 'விசில்' ஆகியிருந்தார். படா கானா என்ற பெரிய விருந்தில், பட்டாலியன் தலைவரான சி.ஓ. முன்னிலையில் அதைச் செய்துகாட்டச் சொன்னார்கள். வெட்கப்பட்டுக்கொண்டே செய்தார்.

அதே மனிதருக்கு ஊரில் வேறு பேர். 1984-இல் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் விட்ட பிறகு எங்களுக்கு அது வரப்பிரசாதம். ஜம்முவில் ஏறினால் 3,700 கிலோமீட்டர் தாண்டி நேரே கன்னியாகுமரி. மூன்று ராத்திரி. நாக்பூர் தாண்டுவதற்குள் கம்பார்ட்மெண்டில் யாருக்கும் சொந்தப் பேர் இருக்காது. அந்த வண்டியில் ஒரு முறை அவர் பெட்டியை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். உடம்பில் இருந்த ஆலிவ் பச்சை ஜெர்ஸியோடு, வைகாசி வெயிலில், கொட்டாரம் ஜங்ஷனில் வந்து நின்றார். அடியில் இருந்த பனியன் கிழிசல், அதனால் ஜெர்ஸியைக் கழற்ற மானம் இடம் கொடுக்கவில்லை. டீக்கடையில் ஒருவர் பார்த்துவிட்டு, "என்ன வே, கம்பளி?" என்றார். தீர்ந்தது. பனிமலையில் ஒரு செக்‌ஷனுக்குச் சோறு போட்டவர் இங்கே 'கம்பளி'. அவர் பேத்திக்கு 'விசில்' கதை தெரியாது. நான்தான் சொன்னேன். நம்பவில்லை.

பட்டாளத்தில் ஒருவனுக்கு அவன் செய்ததை வைத்துப் பேர் விழும். ஊரில், அவன் ஒரு நாள் மாட்டிக்கொண்டதை வைத்து. எனக்கு ஊரில் என்ன பேர் என்றா கேட்கிறீர்கள்? 'கேன்டீன்'. நாகர்கோவில் கேன்டீனில் மாதாமாதம் வாங்கிவரும் கோட்டாவுக்கு என்னைவிட அதிகமாக என் தெருக்காரர்கள் காத்திருப்பார்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆபீசர்களுக்கும் பேர் உண்டு, அவர்கள் காதில் விழாது என்பது ஐதீகம். விழும். ஃபீல்டு மார்ஷல் மானக்‌ஷாவுக்கு 'சாம் பகதூர்' என்ற பேர் வந்த கதையை வெலிங்டனில் எல்லா உஸ்தாதும் தானே பக்கத்தில் நின்று பார்த்தது போலச் சொல்வார்கள். 1969-இல் அவர் தலைமைத் தளபதி ஆனார். கூர்க்கா பட்டாலியனைப் பார்க்கப் போனபோது ஒரு ஆர்டர்லியிடம், உன் தளபதியின் பேர் தெரியுமா என்று கேட்டாராம். ஹர்கா பகதூர் குருங் என்ற அந்தக் கூர்க்கா தயங்காமல் "சாம் பகதூர்" என்றான். பார்ஸிக்காரரைத் தன் சாதி சனத்தில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டுவிட்டான். அவரும் வாழ்நாள் முழுக்க அந்தப் பேரைப் பதக்கம்போல வைத்துக்கொண்டார். ஓய்வுக்குப் பிறகு குன்னூரில்தான் இருந்தார். 2008-இல் காலமானதும் வெலிங்டன் மிலிட்டரி ஆஸ்பத்திரியில். இன்னொரு தளபதி கரியப்பாவுக்கு 'கிப்பர்' என்று பேர் வைத்தது ஒரு வெள்ளைக்கார ஆபீசரின் மனைவி. அந்த அம்மாவுக்குக் 'கரியப்பா' வாயில் நுழையவில்லை, அவ்வளவுதான். ஒருவன் அன்பில் வைத்தது, ஒருத்தி சோம்பலில் வைத்தது. இரண்டும் ஒரே மாதிரி நிலைத்துவிட்டன.

எங்கள் சி.ஓ. ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, விருந்து முடிந்த வேளையில் சுபேதார் மேஜரைத் தோளில் கைபோட்டு அழைத்துப்போய், "சாப், பையன்கள் எனக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள்? இனிச் சொல்லலாமே" என்று கேட்டார். நான் பக்கத்தில் ஃபைலோடு நின்றேன். நிஜப் பேர் 'சுண்டெலி'. ஆள் ஒல்லி, எந்த வேளையில் எந்த மூலையிலிருந்து வருவார் என்று சொல்ல முடியாது. சுபேதார் மேஜர் கண் இமைக்காமல் "புலி, சார்" என்றார். சி.ஓ. கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, "எலியில் ஆரம்பித்துப் புலியில் முடித்தீர்களே, சந்தோஷம்" என்றாரே பார்க்கலாம்.

அந்நியனுக்கு நம் ஆட்கள் வைத்த பேரில் எனக்குப் பிடித்தது வேறொன்று. கொட்டாரத்திலிருந்து சைக்கிள் மிதித்தால் வட்டக்கோட்டை வந்துவிடும். கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கருங்கல் கோட்டையை இன்றுள்ளபடி கட்டிமுடிக்க மேற்பார்வை பார்த்தவர் டிலனாய். டச்சுக் கம்பெனிப் படையில் வந்தவர். 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்டார். பிடித்த ராஜா அவரையே தன் பட்டாளத்துக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். யுஸ்டாக்கியஸ் பெனடிக்டஸ் டி லனாய் என்ற முழுப் பேரை வேணாட்டு வாய் எப்படிச் சுமக்கும்? 'வலிய கப்பித்தான்' என்றார்கள். பெரிய கேப்டன். பிடித்துவந்த எதிரி முப்பது வருஷத்துக்கு மேல் இங்கேயே இருந்து, 1777-இல் உதயகிரிக் கோட்டைக்குள் இறந்தார். கல்லறையில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. புலியூர்க்குறிச்சிப் பக்கம் வழி கேட்டால் இன்றும் 'டிலனாய்க் கோட்டை' என்றுதான் கை காட்டுவார்கள். கட்டிய ராஜாவின் பேரைச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது எங்கள் பேட்ச்சுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஆகாசவாணி அதிலும் ஓயவில்லை. அந்தக் குழுவில் ஒரு சிக்கல் வந்தது. யாராவது காலமானால் பிள்ளைகள் முழுப் பேரையும் ஊரையும் போட்டு, மாலை போட்ட படத்தோடு அனுப்புவார்கள். வயதானால் முகமும் மாறிவிடுகிறது. "யாருடே இது?" என்று கேள்விகள் வரும். ஆழ்ந்த இரங்கல் என்று கைகூப்பும் பொம்மைகள் வரும், ஆள் வராது. 'ஓவர்' என்று ஒரு ரேடியோ ஆபரேட்டர். மனைவியிடம் உப்பு கேட்டால்கூட வாக்கியத்தின் கடைசியில் ஓவர் போடுகிற மனிதர். அவர் போனது, காரியம் முடிந்த பிறகுதான் பலருக்கு உறைத்தது.

பழைய கிளார்க் நான்தானே. புதிதாக ஒரு நாமினல் ரோல் தயாரித்தேன். படை எண், பேர், ஊர், அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம்: வட்டப்பேர். ஒவ்வொருவரிடமும் கேட்டே எழுதினேன். பெரும்பாலும் உடனே சொன்னார்கள். ஹானரரி கேப்டனாக ஓய்வு பெற்ற ஒருவரிடம்தான் கேட்கத் தயங்கினேன். அவர் பேரைக் குடும்பப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. பயிற்சிக் காலத்தில் ஒரு அதிகாலை ஓட்டத்தின்போது வயிறு செய்த துரோகத்தில் வந்தது. இப்போது அவர் ஊர்க் கோயில் கமிட்டியில் பெரிய மனிதர். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் போன் வந்தது.

"தம்புரானே, எனக்க பேரு எங்கடே?"

"அண்ணாச்சி, பொம்பளப் பிள்ளைய பாக்குமேன்னு..."

"நான் செத்தன்னைக்கு எனக்க நல்ல பேரைப் போட்டா ஒரு பய வரமாட்டான். எழுதுடே."

எழுதினேன். அவர் மருமகள் அந்தக் குழுவில் இல்லையே என்று ஒரு முறை சரிபார்த்துக்கொண்டு.